பற்றவைக்கும் யந்திரமும் பார்த்திருக்கும் மனிதனும்

(மரக்காணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இவ்வூர்ப் பெரியோர்களே, உப்பளத்தில் காலை வேலையை முடித்துக் காலில் படிந்த உவர் உலர்வதற்குள் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களே!

நான் பிரசங்கம் செய்து பழகியவன் அல்லன். பற்றவைப்பு ரோபோக்கள் வேலை செய்யும் கூடங்களில், அவை நின்றால் ஓட்டுவதும், ஓடினால் கவனிப்பதும், கெட்டால் செப்பனிடுவதுமாகிய தொழிலில் என் வாலிபத்தையும் அதற்குப் பின் வந்த வருஷங்களையும் கழித்தவன். இந்தச் சபையில் பேச வேண்டும் என்று நண்பர்கள் அழைத்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஏனென்றால் கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் என்னைக் கண்ட இடமெல்லாம் உறவினரும் ஊராரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ரோபோவே வெல்டிங் அடிக்குதாமே தம்பி, அப்புறம் நீ அங்க என்னப்பா பண்றே?" நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

இந்த ஊரில் நின்று அதைப் பேசுவதில் எனக்கு ஒரு விசேஷமான திருப்தி உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சோழர் கால சாஸனங்களைத் தாங்கி நிற்கும் பூமீசுவரர் கோயில் நமது ஊரின் நடுவே இருக்கிறது. காக்கிநாடாவிலிருந்து கரையோரமாக இறங்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியும் இதுவே. அந்தக் கால்வாயின் கதை உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தில், கூலிக்காக மண் சுமந்த ஏழைகளின் உழைப்பும் சேர்ந்தே அது ஒரு நீர்வழியாக இணைந்தது; அப்போது சென்னை மாகாணத்துக் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. லாரியும் நெடுஞ்சாலையும் வருவதற்கு முன், கரையோரத்துச் சரக்கு அந்த நீர்வழியில் தோணி ஏறிச் சென்னைக்குப் போயிற்று. இன்று அந்தக் கால்வாயில் தோணி இல்லை. ஆனால் போக்குவரத்து நின்றுவிட்டதா? நிற்கவில்லை. சரக்கு போன திசையிலேயே இப்போது நம் பிள்ளைகள் போகிறார்கள்; திண்டிவனம் வழியாக, செங்கற்பட்டு வழியாக, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். போன இடத்தில் அவர்கள் என்ன காண்கிறார்கள் என்பதை வீட்டில் இருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் அந்த யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரோபோ என்றதும் தலையும் கண்ணும் உள்ள ஒரு பொம்மை மனிதனை நீங்கள் நினைத்துக்கொண்டால், ஆலைக்குள் வந்ததும் ஏமாந்துபோவீர்கள். அங்கே தலை இல்லை, கால் இல்லை. தரையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு கை மாத்திரமே உண்டு. தோள் உண்டு, முழங்கை உண்டு, மணிக்கட்டு உண்டு. ஆறு இடங்களில் அது திரும்பும், ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மோட்டார். ஜார்ஜ் டெவால் என்ற அமெரிக்கர் கற்பனை செய்து, ஜோசப் எங்கல்பெர்கர் என்பவர் தொழிலாக வளர்த்த இந்தக் கையின் முன்னோடி, 1961-ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில், அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் உலோகத் துண்டுகளை எடுத்து வைக்கும் வேலைக்கு முதன்முதலாக நிறுத்தப்பட்டது. மனிதன் கை வைத்தால் வெந்துபோகும் வேலை. 1969-இல் ஒஹையோ மாகாணத்து லார்ட்ஸ்டவுன் ஆலையில் அதே இனத்துக் கைகள் வரிசையாக நின்று கார் உடல்களைப் பற்றவைக்கத் தொடங்கின. நம் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை 2010-இல் வந்தது. அன்று முதல் இந்தக் கைகள் நமக்கும் அயலார் அல்ல.

ஒரு காரின் உடம்பில் எத்தனை இடத்தில் பற்று வைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 3,000 முதல் 5,000 இடங்கள். இரண்டு தகடுகளைச் செப்பு முனைகள் இரண்டின் நடுவே வைத்து இடுக்கி, 8,000 ஆம்பியர், 10,000 ஆம்பியர் என்ற அளவில் மின்சாரத்தை அரை விநாடிக்கும் குறைவான நேரம் பாய்ச்சினால், தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இரும்பு உருகி ஒன்றாகிவிடுகிறது. உங்கள் வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பாருங்கள். இது ஸ்பாட் வெல்டிங். இன்னொன்று, நீங்கள் பட்டறையில் பார்த்திருக்கும் வில்லொளிப் பற்றவைப்பு. மெல்லிய கம்பி ஒன்று டார்ச்சுக்குள்ளிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், அதன் நுனியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாதபடி ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த வாயுத்திரை ஒன்று அதைச் சூழ்ந்து காத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் ரோபோ செய்கிறது. அழகாகச் செய்கிறது. காலையில் வைத்த பற்றும் நள்ளிரவில் வைத்த பற்றும் வித்தியாசம் தெரியாதபடி செய்கிறது.

அப்படியானால் அங்கே மனிதன் எதற்கு?

அன்பர்களே, அந்தக் கையிடம் ஒரு பெரிய குணமும் ஒரு பெரிய குறையும் இருக்கின்றன. குணம் என்னவென்றால், அதற்கு மறதி கிடையாது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போ, போகும்போது இவ்வளவு சாய்ந்திரு, இவ்வளவு வேகத்தில் போ என்று ஒரு முறை கற்பித்துவிட்டால், லட்சம் முறையும் அதே பாதையில் தலைமயிர் அகலம் பிசகாமல் போய்வரும். குறை என்னவென்றால், அதற்குக் கவனம் கிடையாது. எதிரே இருக்கும் துண்டு சற்று விலகி உட்கார்ந்திருக்கிறதா, தகட்டில் எண்ணெய் இருக்கிறதா, கம்பி வளைந்து வருகிறதா என்பதையெல்லாம், அதற்கென்று தனியாகச் சென்சார் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஒழிய, அது பார்ப்பதில்லை. துண்டே வைக்கப்படாவிட்டாலும், தடுக்க ஒன்றும் இல்லையென்றால், துண்டைப் பிடித்துவைக்கும் வெறும் ஜிக்கின்மேல் சாவதானமாக நெருப்பு வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப்போய் நிற்கும். மறதி இல்லாத அந்தக் கைக்குக் கவனத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவனே தொழில்நுட்பப் பணியாளன். எங்கள் சம்பளம் அதற்குத்தான்.

இதோ, இந்த மேஜையின்மேல் இரண்டு செப்புத் துண்டுகள் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. எங்கள் பாஷையில் டிப் என்போம். கம்பி இதன் நடுத்துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வரும்போது இதைத் தொட்டுத்தான் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று புதிது; துளை வட்டமாக இருக்கிறது. மற்றது ஓடித் தேய்ந்தது; துளை நீள்வட்டமாகி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணால் பார்த்தால் சட்டென்று தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். இந்தத் தேய்மானம் என்ன செய்கிறது? ரோபோ தன் பாதையில் ஒரு நூலும் விலகாமல் போகிறது. ஆனால் கம்பி, தேய்ந்த பக்கமாக ஒதுங்கி, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தள்ளி இறங்குகிறது. பற்று இணைப்பின்மேல் விழாமல் பக்கத்துத் தகட்டின்மேல் விழுகிறது. மேலே இருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் மினுமினுப்பாகத்தான் தெரியும். வண்டி ரஸ்தாவில் ஓடும்போதுதான் அது பற்றா, பூச்சா என்பது வெளிப்படும். அனுபவம் இல்லாதவன் இந்தச் சந்தர்ப்பத்தில் என்ன செய்வான்? புரோகிராமைத் திறந்து புள்ளியை நகர்த்துவான். அப்போதைக்குச் சரியாகிவிடும். அடுத்த ஷிப்டில் வேறொருவன் டிப்பை மாற்றுவான். கம்பி நேராக வரும். பற்று மறுபக்கம் விலகும். அவனும் புள்ளியை நகர்த்துவான். இப்படியே ஆளுக்கு ஆள் நகர்த்தி நகர்த்தி, முதலில் நன்றாகக் கற்பித்த பாதை உருத்தெரியாமல் போன லைன்களை நான் பார்த்திருக்கிறேன். யந்திரத்தின் பிழையைப் புரோகிராமில் திருத்தாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதைக் கேட்டறிவது சுலபம். இரவு இரண்டு மணிக்கு, லைன் நின்று, மேலாளர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அனுசரிப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அக்கினி நட்சத்திரக் காலம், தகரக் கூரை, இரண்டாம் ஷிப்டு. ஒரு ரோபோ வைத்த பற்றுகளில் திடீரென்று ஊசித்துளைகள் தோன்றத் தொடங்கின. தோசையில் துளை விழுந்தால் சமையற்காரிக்குப் பெருமை. பற்றில் துளை விழுந்தால் எங்களுக்கு வேலை போய்விடும். வாயு சரியில்லை என்று ஸிலிண்டரை மாற்றினார்கள். கம்பி ஈரம் வாங்கிவிட்டது என்று கம்பிச் சுருளை மாற்றினார்கள். டார்ச்சின் வாயில் அடைப்பு என்று அதைக் கழற்றித் துலக்கினார்கள். ஒருவர் வோல்டேஜை ஏற்றினார், ஒருவர் இறக்கினார். துளை போகவில்லை. அப்போது எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், ஒன்றிலும் கை வைக்காமல், வேலிக்கு வெளியே கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். வேலை செய்யாமல் வேடிக்கை பார்க்கிறான் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவன் நெருப்பைப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே உறிஞ்சுக் குழாயை நோக்கி நேராக எழ வேண்டிய புகை, எழும்பும் இடத்திலேயே சற்று மேற்காகச் சாய்ந்தது. எதனால் சாய்கிறது? கிழக்கே காற்று எங்கிருந்து வருகிறது? அவன் நடந்துபோய்ப் பார்த்தான். இரண்டு நிலையங்களுக்கு அப்பால், துண்டுகளை ஏற்றி வைக்கும் தொழிலாளி ஒருவர், உஷ்ணம் தாளாமல், தம் ஸ்டாண்டு விசிறியைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார். அந்த விசிறியின் காற்று தூணில் பட்டுத் திரும்பி, வேலிச் சட்டத்தின் இடைவெளி வழியே நுழைந்து, நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது லிட்டர் வீதம் மெதுவாக வந்துகொண்டிருந்த வாயுத்திரையைக் கலைத்துவிட்டது. காற்று புகுந்த இடத்தில் துளை விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

விசிறியை எடுத்துவிடச் சொன்னார் ஒருவர். எடுத்துவிட்டால் அந்த மனிதர் அங்கே வேகமாட்டாரா? பையன் ஒரு பழைய வெல்டிங் திரையைக் கொண்டுவந்து இடையில் நிறுத்தினான். பற்று சுத்தமாக விழுந்தது, விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் சாமர்த்தியம் என்று நான் எதைச் சொல்லுகிறேனோ அது அந்த இரவில் எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது: யந்திரத்தின் உள்ளே தேடுவதற்கு முன் யந்திரத்தைச் சுற்றிப் பார்ப்பது.

இப்படிச் சுற்றிப் பார்க்கும் வித்தை உங்களுக்குப் புதிதா? நான் அதை வெளியூரில் போய்க் கற்றேன் என்று சொன்னால், இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள். கடல் நீரில் உப்பின் கனம், நீரின் அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில், மூன்று மூன்றரை டிகிரி. வெயிலிலும் காற்றிலும் பாத்திக்குப் பாத்தி நகர்ந்து நீர் சுண்டச் சுண்ட, 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 என்று ஏற விட்டால் மக்னீசியச் சத்துக்களும் சேர்ந்து இறங்கி உப்பைக் கசப்பாக்கிவிடுகின்றன. இந்த எண்கள் புஸ்தகத்தில் உள்ளவை. மீட்டரை மிதக்கவிட்டு எண்ணைப் படிக்க எவனுக்கும் தெரியும். ஆனால், நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மேகம் கூடுமா, இன்று நீரை விடலாமா, நாளை விடலாமா, வாரலாமா, இன்னும் ஒரு நாள் பொறுக்கலாமா என்பதைப் பாத்தியின் வரப்பில் நின்று நீரின் நிறத்தையும் விளிம்பில் படரும் ஆடையையும் பார்த்து நிர்ணயிப்பவர் யார்? எங்கள் ஆலையிலும் எண்கள் எல்லாம் திரையில் வருகின்றன. ஆம்பியர் வருகிறது, வோல்டேஜ் வருகிறது, எச்சரிக்கை வருகிறது. எண்ணுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். உப்பளத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பார்வை வீட்டிலேயே இருக்கிறது. அவனுக்கு இல்லாதது எங்கள் யந்திரத்தின் இலக்கணம் ஒன்றே. இலக்கணத்தை இரண்டு வருஷத்தில் கற்பிக்கலாம். பார்வையைக் கற்பிக்க எந்தப் பாடத்திட்டமும் நான் கண்டதில்லை.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லி வைக்கிறேன். ஆயுத பூஜை வந்தால் எங்கள் கூடத்தில் ஒவ்வொரு ரோபோவுக்கும் சந்தனப் பொட்டு, மாலை, அடியில் பூசணிக்காய் எல்லாம் உண்டு. பக்தியோடு செய்கிறார்கள்; நானும் செய்கிறேன். விடுமுறை முடிந்து திரும்பி வந்தால் யந்திரம் ஓட மறுக்கும். அலறுவார்கள். போய்ப் பார்த்தால், ஒளிக்கதிர் சென்சாருக்கு எதிரே சாமந்தி மாலை தொங்கிக்கொண்டிருக்கும்; உள்ளே ஆள் நிற்கிறான் என்று யந்திரம் மரியாதையாகக் காத்துக்கொண்டிருக்கும். இது சிரித்துவிட்டு எடுத்துப் போடக்கூடிய விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் அதே விடுமுறையில் ஒளிந்திருக்கிறது. ரோபோவின் மூட்டுகள் தாம் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதை மின்சாரம் இல்லாதபோதும் ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக உள்ளே சிறிய பேட்டரிகள் உண்டு. மறதி இல்லாத கை என்றேன் அல்லவா? அந்த ஞாபகமெல்லாம் இந்தப் பேட்டரியின் தயவு. வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; பல ரகங்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும், அணைத்துவிட்டு மாற்றினால் ஞாபகம் போய்விடும். பேட்டரி நலிந்துவிட்டது என்று திரையில் சிறிய எழுத்தில் எச்சரிக்கை வரும். ஓடுகிற யந்திரத்தின் சிறிய எழுத்தை யார் படிக்கிறார்கள்? நாலு நாள் விடுமுறைக்கு மெயின் சுவிட்சை அணைப்பார்கள். திரும்பி வந்து போட்டால், அந்த மகத்தான கைக்குத் தன் தோள் எங்கே, முழங்கை எங்கே என்று தெரியாது. பிறகு ஒவ்வொரு மூட்டையும் அதன் உடம்பில் வெட்டியிருக்கும் சிறிய கோட்டடையாளத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, இதுதான் உன் பூஜ்யம் என்று மறுபடி சொல்லிக்கொடுத்து, கற்பித்த பாதைகளையெல்லாம் ஒன்று ஒன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் தேதி போட்டு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இத்தனையும் இல்லை. மாணவர்களே, சட்டைப்பையில் ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் இல்லாத தொழில்நுட்பப் பணியாளனை நான் நம்புவதில்லை.

இனி ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பிள்ளையை ஆலைக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள். 1979-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஃபோர்ட் வார்ப்பட ஆலையில், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர், அடுக்கில் இருந்த பாகங்களை எடுக்க ஏறினார். பாகம் எடுத்து வைக்கும் யந்திரக் கை அவரைத் தாக்கி உயிரை வாங்கியது. 1981-இல் ஜப்பானில் அகாஷி நகரத்துக் கவாஸாகி ஆலையில், கெஞ்சி உராடா என்ற பராமரிப்புப் பணியாளர் ஒரு ரோபோவைச் சரிபார்ப்பதற்காக வேலியைத் தாண்டி உள்ளே சென்றார், யந்திரம் முழுதும் அணைக்கப்பட்டிருக்கவில்லை, அவரும் மடிந்தார். இந்த இரண்டாவது மனிதர் யார்? என்னைப் போன்றவர். யந்திரத்தை நன்றாக அறிந்தவர். அறியாதவன் வேலிக்கு வெளியே பயந்து நிற்கிறான். அறிந்தவன்தான் ஒரு நிமிஷ வேலைதானே என்று உள்ளே போகிறான்.

நிற்கிற ரோபோ எதற்காக நிற்கிறது என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. வேலை முடிந்து நிற்கலாம். ஒரு சென்சாரின் சமிக்ஞை வரட்டும் என்று நிற்கலாம். நீங்கள் உள்ளே போய் அந்தச் சென்சாரின்மேல் படிந்த தீப்பொறிக் கசட்டைத் துடைத்துவிடுகிறீர்கள். காத்திருந்த சமிக்ஞை கிடைத்துவிடுகிறது. நூறு கிலோ, இருநூறு கிலோ கனமுள்ள பற்றவைக்கும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கை புறப்படுகிறது. ஆகவேதான் வேலி, ஆகவேதான் கதவைத் திறந்தால் மின்சாரம் அறும் பூட்டு, ஆகவேதான் உள்ளே போகிறவன் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் முறை. நாலு பேர் உள்ளே போனால் நாலு பூட்டு. வேலையில் சேரும் முதல் நாளில் "எனக்குப் பூட்டு எங்கே ஐயா?" என்று கேளுங்கள். பூட்டா, அதெல்லாம் எதற்கு என்று சிரிக்கிற இடம் எதுவோ, அங்கே எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் என் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன்.

வேலை போய்விடுமா என்று கேட்கிறீர்கள். பூசி மெழுகாமல் சொல்லுகிறேன். ஒரே மாதிரித் துண்டு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரும் இடத்தில், கையால் பற்றவைக்கும் வேலை போய்விட்டது, அது திரும்பாது. அந்த வேலை கண்ணையும் நுரையீரலையும் தின்ற வேலை என்பதால், அது போனதற்காக நான் ஒப்பாரி வைக்கமாட்டேன்; ஆனால் அதைச் செய்துகொண்டிருந்த மனிதருக்கு வேறு தொழில் கற்பிக்காமல் அனுப்பியதை அநியாயம் என்றே சொல்லுவேன். அதே சமயத்தில் திருச்சிராப்பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பாரத மிகுமின் நிலையத்தில் கொதிகலன் செய்கிறார்கள். 1975-இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஸ்தாபித்தார்கள். பெரிய அழுத்தம் தாங்க வேண்டிய குழாயை, கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் பற்றவைக்கும் கைகளுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அந்தக் கை எட்டும் மூலையை ரோபோ எட்டாது. நல்ல கைப்பற்றவைப்பாளன் ரோபோ பக்கம் வந்தால் எங்களுக்குள் அவனுக்கே முதல் ஸ்தானம். உருகிய இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று அவனுக்குத் தெரியும், எங்களில் பலருக்குப் புரோகிராம் மாத்திரம் தெரியும்.

ஆனால் ரோபோவைவிடப் பெரிய நிச்சயமின்மை வேறொன்று இருக்கிறது. மறைமலைநகரில் ஃபோர்ட் கம்பெனி தன் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் நிறுத்தியது. அங்கே ரோபோவும் நின்றது, மனிதனும் நின்றான். கம்பெனியின் பெயரை நம்பி இருந்தவன் தவித்தான். தொழிலைக் கையில் வைத்திருந்தவன் வேறு கதவைத் தட்டினான். நிரந்தரம் எங்கே இருக்கிறது? உப்பளத்தில் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நம் பாத்திகளெல்லாம் வெள்ளக்காடாய்க் கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே உப்பளத்தை விட்டுவிடுங்கள் என்றோ, ஆலைக்கு ஓடுங்கள் என்றோ உபதேசிக்க நான் வரவில்லை. போகிறவன் ஆபரேட்டராகப் பட்டன் அழுத்தி, ஒப்பந்தம் முடிந்ததும் வெறுங்கையோடு திரும்புவதைக் கண்டு மனம் நொந்ததால் பேசுகிறேன். போனால் பட்டனுக்குப் பின்னால் இருப்பதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அதற்கு வழி முன்னைவிடச் சுலபமாகியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2022-இல் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீன யந்திரங்களோடு புதுப்பிக்க ஏற்பாடு செய்தது. ரோபோவும் அந்தப் பாடங்களில் ஒன்று. சேர்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரோபோவை உடனே ஆட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். முதலில் மின்சாரம், ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு எந்த ஒயரில் என்ன இருக்கிறது என்று பயமில்லாமலும் அலட்சியமில்லாமலும் பார்க்கும் பழக்கம். பிறகு காற்றழுத்தம், சென்சார், யந்திரங்களை வரிசைப்படி இயக்கும் பி.எல்.சி. அதற்கும் நடுவே கையால் பற்றவைத்துப் பழகுங்கள்; கோணலாக வந்தாலும் பாதகமில்லை. மின்சாரப் பேனல் கதவைத் திறந்து வைத்து விசிறி போடும் துர்ப்பழக்கத்தை எங்கே கண்டாலும் கதவை மூடுங்கள். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று மரக்காணத்தானுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், செப்புத் தடங்களையும் அது விடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் கூடையைத் தலையில் சுமந்து வரப்பின்மேல் நடப்பவர்களில் பாதிக்குமேல் நீங்கள்தான். உங்கள் பெண்களுக்கு இந்தத் தொழில் ஆகுமா என்று தலைவர் என்னைக் காலையில் கேட்டார். பாரத்தைத் தூக்குவது ரோபோவின் வேலை. தூக்கும் இடத்தில் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அதற்கு எந்தப் பெண்ணுக்குக் கண் போதாது?

மேஜையின்மேல் அந்தச் செப்புத் துண்டுகளுக்குப் பக்கத்தில், பழைய டீச் பென்டன்ட் ஒன்றும் இருக்கிறது. ரோபோவுக்குப் பாதை கற்பிக்கும் பெட்டி. இதைக் கையில் வைத்துக் கற்பிக்கும் முறையில் ரோபோ விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்பது சர்வதேச விதி. இதன் பின்பக்கம் ஒரு சுவிட்சு உண்டு. இதமாக அழுத்திப் பிடித்திருந்தால்தான் கை அசையும். விட்டுவிட்டாலும் நிற்கும்; கெட்டியாக நெரித்தாலும் நிற்கும். பயந்த மனிதன் சில வேளை கையை உதறுவான், சில வேளை இறுக்குவான் என்று தெரிந்து, இரண்டுக்குமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கூட்டம் கலைவதற்கு முன் ஒவ்வொருவராக வந்து பிடித்துப் பாருங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும். பிடித்திருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் எதிர்பாராமல் கை தட்டட்டும். உங்கள் கை உதறுகிறதா, இறுக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.